குத்தகையா, வாரமா?

சென்ற மாதம் ஒரு பிற்பகல், கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் விவசாயி ஒருவர் எமது கந்தோருக்கு வந்தார். அவர் கையில் இரண்டு கடதாசிக் கட்டுகள் இருந்தன. ஒன்று, தகப்பன் வழியாக அவருக்கு வந்த வயற்காணியின் உறுதி. மற்றது, கொழும்பிலுள்ள இணையக் கம்பனியொன்று அவருடைய மூத்த மகனுக்கு அனுப்பியிருந்த 14 பக்க ஆங்கில உடன்படிக்கை. மகன் பல்கலைக்கழகத்தில் கணினி படித்துத் தேறியவன். கம்பனி தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறதாம். முதல் ஆண்டு பேசிய சம்பளத்தில் பாதியைப் பணமாகவும் மறுபாதியைக் கம்பனியின் பங்காகவும் தருவார்களாம். கொழும்பில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பாதி போதாது. ஆதலின் வயலை ஈடு வைத்து ஓராண்டுச் செலவைத் தாமே பார்ப்பதென்று தகப்பனார் எண்ணியிருந்தார். ஈட்டு உறுதி எழுதுவதற்கே எம்மிடம் வந்திருந்தார்.

எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இது குத்தகையா, வாரமா? குத்தகை என்றால் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பேசிய தொகை வரவேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு களத்திலேயே அளந்து வரவேண்டும். இவர்கள் என்ர பிள்ளைக்குத் தரப்போவது எது?"

நாம் அந்த 14 பக்கங்களையும் இரண்டு முறை படித்தோம். அது குத்தகையுமன்று, வாரமுமன்று. நட்டம் வந்தால் வாரக்குடியைப் போல் அந்தப் பிள்ளை தாங்கவேண்டும். இலாபம் வந்தால் கூலியாளைப் போல் விலகி நிற்கவேண்டும். இதை நாம் சொன்னபோது அவர் அதிர்ச்சியடையவில்லை. "அப்படித்தான் நானும் நினைச்சனான்" என்றார். ஆயினும் மகன் ஆசைப்படுகிறான். ஊரில் வேறு வேலையும் இல்லை. இந்த இக்கட்டு ஒரு வீட்டின் இக்கட்டன்று என்பதால்தான் இவ்வாரம் இதனை எழுத எடுத்துக்கொண்டோம்.

'ஸ்டார்ட் அப்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இத்தகைய கம்பனிகளைப் பற்றி நம்மவரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஒரு சாரார், அவை எல்லாம் ஏமாற்று என்கின்றனர். மறுசாரார், அவையே நம் பிள்ளைகளின் விடிவு என்கின்றனர். நாம் முதற் கட்சியைச் சேர்ந்தவர்களல்லர். தலைமன்னாரிலும் பேசாலையிலும் நானாட்டானிலும் பிறந்த பிள்ளை வளைகுடாவுக்குப் போகாமலும், ஏஜென்சிக்குக் கடன்படாமலும், தன் மூளையை விற்றுப் பிழைக்க ஒரு வழி திறந்திருக்கிறது. கடல் தொழில் நலிந்து, நெல்லுக்கு விலையில்லாமல், அரசாங்க உத்தியோகமும் அருகிப்போன இக்காலத்தில் அவ்வழியை நாம் ஏன் அடைக்கவேண்டும்? ஆனால் வழி திறந்திருக்கிறது என்பதற்காக, அதில் கிடக்கும் முள்ளைச் சொல்லாமல் விடுவதும் முறையன்று.

புதுக் கம்பனியும் அதன் பெரும் நம்பிக்கையும் மன்னார்க் கரைக்குப் புதியனவல்ல. இதை இன்றைய இளைஞர் அறிந்திருக்க நியாயமில்லை. அறிந்த முதியோரும் மறந்துவிட்டனர்.

அரிப்புக்கும் மரிச்சுக்கட்டிக்கும் எதிரே கடலடியிற் கிடக்கும் முத்துப்பார்கள் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றவை. சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாவத்துறையின் பெயரே அதற்குச் சாட்சி. 1891 ஆம் ஆண்டுச் சிலாபத்துக்குப் பின் பார்கள் வெறுமையாகின. பதினொரு ஆண்டுகள் ஒன்றுமில்லை. பிரித்தானிய அரசாங்கம் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரை வரவழைத்து 1902 இல் கடலடியை ஆராய்வித்தது. அடுத்த ஆண்டே சிப்பி திரும்பியது. 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் சிலாபம் நன்றாயிருந்தது. 1905 ஆம் ஆண்டிலோ கண்டறியாத விளைச்சல்! அரசாங்கத்துக்கு அந்த ஒரே பருவத்தில் 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் வந்தது. மரிச்சுக்கட்டி மணலில் ஒரு நகரமே எழுந்தது. கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளிகாரர் வந்து குவிந்தனர்.

இதைக் கண்ட இலண்டன் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 'இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி' என்று ஒன்றைத் தொடங்கினர். 1906 ஆம் ஆண்டு முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம், முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தனர். விஞ்ஞான முறையில் சிப்பி வளர்ப்போம், இனி வறட்சி என்பதே இராது என்பது அவர்களின் நம்பிக்கை. இக்காலத்துப் புதுக் கம்பனிகளின் விளம்பரத்தைப் படிப்பவர்களுக்கு இந்தப் பாஷை பழக்கமாகவே இருக்கும். 1906 இலும் 1907 இலும் சிப்பி கிடைத்தது. பிறகு பார்கள் மீண்டும் வெறுமையாகின. விஞ்ஞானம் கடலைக் கட்டுப்படுத்தவில்லை. 1912 இல் கம்பனி கலைக்கப்பட்டது. 20 ஆண்டுக் குத்தகை ஏழாவது ஆண்டைத் தாண்டவில்லை.

இக்கதையில் முதலாளிகளின் நட்டம் எமக்கு முக்கியமன்று. குளிகாரன் எப்படித் தப்பினான் என்பதே கவனிக்கத்தக்கது. அக்காலச் சிலாபங்களில் வள்ளங்கள் பிற்பகலில் கரைக்கு வந்ததும் சிப்பிகள் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே அவை மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு குவியல் பாருக்கு உரியவருக்கு, ஒன்று வள்ளத்தாருக்கு. அன்று மாலையே தன் பங்கைச் சாக்கிற் கட்டிக்கொண்டு குளிகாரன் வெளியே வந்தான். சிப்பியைத் திறவாமலே சந்தையில் விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். முத்து இருக்கும் என்று நம்பினால் வைத்திருந்து திறந்து பார்க்கலாம். முடிவு அவனுடையது. கம்பனி 1912 இல் மூழ்கியபோது, முந்திய பருவங்களிற் குளித்தவனுக்கு அக்கம்பனி கடனாளியாக இருக்கவில்லை. அவன் கூலி அன்றன்றே தீர்ந்துவிட்டது.

குளிகாரன் வாழ்வை நாம் பொற்காலமாகக் காட்டவரவில்லை. சுறாவுக்குப் பயந்து 'கடல் கட்டி' மந்திரக்காரனை நம்பியவன் அவன். வாந்திபேதி முகாமையே கலைத்த ஆண்டுகளும் உண்டு. ஆயினும் அந்த ஏழைக்குக் கிடைத்த ஒரு பாதுகாப்பு இன்று பட்டம் பெற்ற நம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

அந்த விவசாயியின் மகனுக்குக் கொடுக்கப்பட்ட 'பங்கை' எடுத்துப் பாருங்கள். அது பங்கே அன்று. பிற்காலத்தில் பங்கு வாங்கும் உரிமை மாத்திரமே. நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக அவ்வுரிமை சேரும். முதல் ஆண்டு முடிவதற்கு ஒரு நாள் முன்பாக விலகினாலும் விலக்கப்பட்டாலும் ஒன்றும் இல்லை. சேர்ந்த உரிமையையும், வேலையை விட்டுச் சில வாரங்களுக்குள் தன் கைக்காசைக் கொடுத்து வாங்காவிட்டால் இழந்துபோவான். வாங்கினாலும் சந்தையில் விற்க முடியாது. ஏனெனில் கம்பனி பங்குச் சந்தையில் இல்லை. நாளைக்கு யாரேனும் பெரிய முதலாளி கம்பனியை வாங்கினால், பணம் போட்டவர்கள் தங்கள் முதலை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருந்தால்தான் ஊழியனுக்கு. இவ்வளவும் அந்த உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒளிக்கப்படவில்லை. 9 ஆம் பக்கத்திலிருந்து 11 ஆம் பக்கம் வரை சிறிய எழுத்தில், சட்டத்தரணிகளையே தடுமாறச் செய்யும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மரிச்சுக்கட்டிக் குளிகாரன் தன் சிப்பியைச் சாக்கிற் கட்டிக்கொண்டு போனான். இந்தப் பிள்ளையின் சிப்பியோ இன்னும் செவல் பாரின் அடியிற் கிடக்கிறது. கிடக்கிறதா என்பதுகூட நிச்சயமில்லை.

பெருவிளைச்சல் கண்டவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். சென்னையில் 2010 இல் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய பிரெஷ்வேர்க்ஸ் கம்பனி, 2021 செப்ரெம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. அன்று அதன் ஊழியரில் 500 பேருக்கு மேற்பட்டோர் இந்திய ரூபாவில் கோடீஸ்வரராயினர். அவர்களில் ஏறத்தாழ 70 பேர் 30 வயதுக்குக் குறைந்தவர்கள். தமிழன் ஒருவன் தன்னிடம் வேலை செய்தவர்களோடு செல்வத்தைப் பகிர்ந்துகொண்டான் என்பதில் நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அது 1905 ஆம் ஆண்டுச் சிலாபம். அந்த ஓர் ஆண்டைக் கண்டுதான் இலண்டன் முதலாளிகள் 20 ஆண்டுக் குத்தகை எழுதினார்கள். அந்த ஒரு கம்பனியைக் கண்டுதான் இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாதிச் சம்பளத்துக்குக் கையெழுத்திடுகிறார்கள். அதே பிரெஷ்வேர்க்ஸ் 2024 நவம்பரில், இலாபக் குறைவால் தள்ளாடிய காலத்திலன்று, நல்ல வருமானம் அறிவித்த அதே வேளையில், 660 பேரை வேலையிலிருந்து நீக்கியது என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளவேண்டும்.

மறுபுறத்தில் பெங்களூரின் பைஜூஸ் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இணையவழிப் பாடம் விற்ற கம்பனி. 2022 இல் அதன் மதிப்பு 2,200 கோடி அமெரிக்க டொலர் என்றார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் 2,500 பேரை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 2023 இன் இறுதியில் சம்பளம் கொடுப்பதற்காக அதன் தாபகர் தம் குடும்ப வீடுகளை ஈடு வைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அம்மனிதரின் இந்தச் செயலை நாம் பழிக்கமாட்டோம். சொந்த வீட்டை ஈடு வைத்துச் சம்பளம் கொடுத்த முதலாளிகள் எத்தனை பேர்? ஆயினும் 2024 இன் தொடக்கத்தில் சம்பளம் தாமதமாயிற்று, பாதி பாதியாயிற்று. 2024 யூலை 16 ஆந் திகதி கம்பனிச் சட்ட நியாயசபை அக்கம்பனியை வங்குரோத்து நடவடிக்கைக்கு உட்படுத்தியது. யாருடைய மனுவின் பேரில் என்று நினைக்கிறீர்கள்? கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் மனுவின் பேரில்! வீரர்களின் சட்டையில் பெயர் பொறித்ததற்கான 158 கோடி ரூபாச் சொச்சம் பாக்கி. அந்தக் கடனைத் தீர்க்க இணக்கம் ஏற்பட்டு, மேன்முறையீட்டில் நடவடிக்கை நின்று, பின் அதே ஆண்டு ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் அதனை மறுபடி உயிர்ப்பித்தது. சட்டம் பயின்றவர்கள் படித்துப் பார்க்கத்தக்க வழக்கு. எமக்கு அதிற் பட்டது ஒன்றுதான். கடன் கொடுத்தவனுக்குச் சட்டத்தரணி இருந்தார். கிரிக்கெட் சபைக்கும் இருந்தார். மூன்று மாதச் சம்பளத்துக்குக் காத்திருந்த ஆசிரியைக்கு மன்றத்தின் வாசல் எந்தப் பக்கம் என்பதே தெரிந்திருக்காது.

நமது நாட்டில் கம்பனி கலைக்கப்படும்போது ஊழியரின் நிலுவைக்கு முன்னுரிமை உண்டு. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஆனால் வங்கிக்கு ஈடாக எழுதிக்கொடுத்த சொத்து முதலில் வங்கிக்குப் போய்விடும். மிஞ்சியதிற்றான் முன்னுரிமை. இணையக் கம்பனியில் மிஞ்சுவது என்ன? வாடகைக் கட்டடம், தவணைக்கு வாங்கிய சில கணினிகள், கதிரை மேசை. நெல்லாலையை ஏலம் போட்டால் இரும்பாவது தேறும்.

இரண்டாவது வழக்கொன்றைச் சொல்லவேண்டும்; எம்முடைய கைக்கு வந்தது. மன்னார்த் தீவைச் சேர்ந்த யுவதியொருத்தி, வீட்டிலிருந்தபடியே இணையக் கம்பனியொன்றுக்கு மூன்றாண்டு உழைத்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளரின் முறைப்பாடுகளுக்கு மறுமொழி எழுதுவது அவள் பணி. நியூயோர்க்கில் காலை ஒன்பது மணியென்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, மாரியில் ஏழரை. அவளுடைய வேலை நாள் அப்போதுதான் தொடங்கும். விடியற்காலை நான்கு மணிக்கு முன் படுத்த நாள் குறைவு. 2022 ஆம் ஆண்டில் மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நின்றபோது, அயலில் ஜெனரேற்றர் இருந்த கடையொன்றின் பின்னறையில், தாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருந்து வேலை செய்திருக்கிறாள். 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று கம்பனி அடிக்கடி சொல்லும். ஒரு நாள் மாலை கணினியைத் திறந்தபோது கடவுச்சொல் ஏற்கவில்லை. கம்பனியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கப்பட்டிருந்தாள். கடிதமில்லை, காரணமில்லை. அமெரிக்காவில் பெற்றர் டொட் கொம் என்ற கம்பனியின் தலைவர் 2021 டிசெம்பரில் ஒரே காணொளி அழைப்பில் 900 பேரை நீக்கியபோது உலகம் திடுக்கிட்டது. அவர்களுக்காவது முகத்தைப் பார்க்கக் கிடைத்தது.

நாம் கம்பனிக்குக் கடிதம் எழுதினோம். அவள் எமது ஊழியரே அல்லர், சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று மறுமொழி வந்தது. அவள் கையெழுத்திட்ட கடதாசியிலும் அப்படியே இருந்தது. ஆதலின் சேமலாப நிதி இல்லை, விடுமுறை இல்லை, நீக்குவதற்கு அறிவித்தலும் தேவையில்லை.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு சட்ட உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். கடதாசியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதோடு நியாய மன்றம் நின்றுவிடுவதில்லை. உண்மையில் யார் யாரைக் கட்டுப்படுத்தினார் என்று பார்க்கும். இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரி 19 ஆந் திகதி ஊபர் வழக்கில் இதைத்தான் சொன்னது. சாரதிகள் தனி வியாபாரிகள் என்று கம்பனி எழுதி வைத்திருந்தது. கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார், நிபந்தனையை யார் விதிக்கிறார், மறுத்தால் யார் தண்டிக்கிறார் என்று கேட்ட மன்றம், அவர்கள் தொழிலாளரே என்று தீர்த்தது. அத்தீர்ப்பு நம் மன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயத்தை எடுத்துக்காட்டுவதற்குத் தடையுமில்லை.

அந்த யுவதியின் தொலைபேசியை வாங்கி மூன்றாண்டுச் செய்திகளைப் பார்த்தோம். தங்கையின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறாள், மேலாளர் மறுத்திருக்கிறார். இன்னொரு முறை காய்ச்சலுக்கு லீவு கேட்டிருக்கிறாள். பாதி நாள் கிடைத்திருக்கிறது. சுயாதீன ஒப்பந்தக்காரர் யாரிடம் லீவு கேட்பார்? வீட்டுக்கு வேலி அடைக்க வரும் மேசன் எம்மிடம் லீவு கேட்பதில்லை; வராமல் விடுவான், அவ்வளவுதான். அந்தச் செய்திகளை அச்சிட்டுத் தொழில் நியாய சபைக்கு முன் வைத்தோம். வழக்கு விசாரணைக்கு வருமுன் கம்பனி சமரசத்துக்கு வந்தது. அவளுக்குக் கிடைத்த தொகை பெரிதன்று. ஆனால் அவளைத் தன் ஊழியர் என்று ஒப்புக்கொண்ட கடிதம் ஒன்றும் கிடைத்தது. அக்கடிதத்தைத்தான் அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இத்தகைய சட்டங்கள் நமக்குச் சும்மா கிடைத்தவையல்ல. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 ஆம் ஆண்டினது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்று அது வகுத்தது. நியமன நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டும் என்றும் விதித்தது. தொழில் நியாய சபைகளை 1957 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஏற்படுத்தியது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்தது. ஊழியன் 8 வீதம், முதலாளி 12 வீதம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே. தற்காலிகம், நாட்கூலி என்ற பேதம் அதற்கில்லை. அதே 1958 இல்தான் நெற்காணிச் சட்டமும் நிறைவேறியது. வாரக்குடியை நினைத்தபோது வயலைவிட்டு இறக்கிவிட முடியாது, கேட்ட வாரத்தையெல்லாம் வாங்கவும் முடியாது என்று அச்சட்டம் சொன்னபோது, நிலவுடைமையாளர் பலர் நாடே அழிந்துவிடும் என்றார்கள். நாடு அழியவில்லை. கட்டுக்கரையின் கீழ் இன்றும் வயல் விளைகிறது.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். தொழிலாளரை ஆணையாளரின் அனுமதியின்றி வேலைநீக்கஞ் செய்யலாகாது என்னும் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறைந்த நிறுவனங்களுக்குப் பொருந்தாது. 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் 15 பேர் என்ற எல்லையையே வைத்திருக்கிறது. அதற்கு மேல் 5 ஆண்டுச் சேவையும் வேண்டும். இச்சட்டங்களை ஆக்கியவர்கள் சிறு முதலாளியைக் காப்பாற்ற நினைத்தார்கள்: நாற்சந்தியிலுள்ள சாப்பாட்டுக் கடை, நான்கு பேர் வேலை செய்யும் தச்சுப்பட்டறை. பத்துப் பேரைக் கொண்டு பல இலட்சம் டொலர் முதலீட்டில் நடக்கும் கம்பனி அவர்கள் கண்ணிற் பட்டிருக்க முடியாது. இன்று அந்தப் பத்துப்பேர்க் கம்பனி, தேநீர்க் கடைக்குக் கொடுத்த சலுகையின் நிழலில் ஒதுங்கி நிற்கிறது. 5 ஆண்டு ஒரே கம்பனியில் இருப்பதே அரிதான ஒரு தொழிலில், பணிக்கொடை என்ற சொல்லுக்கே பொருளில்லாமற் போய்விடுகிறது. வேறொரு தந்திரமும் நடக்கிறது. உயர்நிலை நிர்வாகிகளுக்கு மேலதிக நேர ஊதியம் இல்லை என்ற விலக்கைப் பிடித்துக்கொண்டு, படிப்பு முடித்து நேற்று வந்த பிள்ளைக்கும் 'எக்சிக்கியூட்டிவ்' என்று பட்டஞ் சூட்டிவிடுகிறார்கள். பட்டம் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. கலியாணக் கடிதாசியிலும் போடலாம்.

வடக்கிலிருந்து பாராளுமன்றம் சென்றுள்ளோர், கட்சி பேதமின்றி, இந்த 15 பேர் எல்லையைத் திருத்தும்படி கேட்கவேண்டும். ஆள் எண்ணிக்கையோடு கம்பனி திரட்டிய முதலீட்டின் அளவையும் கணக்கில் எடுத்தாற் போதும். தேநீர்க் கடை பாதிக்கப்படாது. உலகில் பிற இடங்களில் வேலை நடக்கிறது. இராஜஸ்தான் 2023 இல் செயலிவழித் தொழிலாளருக்கெனச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அதே ஆண்டில் அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. அவை முழுமையானவை என்று நாம் சொல்லவில்லை. இங்கே தொடக்கமே இல்லை என்கிறோம். உடன்படிக்கைகள் ஊழியன் விளங்கிக்கொள்ளும் மொழியிலும் தரப்படவேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. காணி உறுதியைத் தமிழில் எழுதி வாசித்துக்காட்டிக் கையொப்பம் வாங்குகிற நாட்டில், ஒருவனின் நான்காண்டு உழைப்பை எழுதிக்கொடுக்கும் பத்திரம் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும்?

பாராளுமன்றத்தை எதிர்பார்த்துக் கைகட்டியிருக்கவும் தேவையில்லை. 1935 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஒரு கம்பனியில் ஏழு பேர் துணியாவிட்டாலும், பல கம்பனிகளில் வேலை செய்யும் மன்னார்ப் பிள்ளைகள் ஏழு பேர் சேரலாம். கணினிக்காரருக்குச் சங்கம் எதற்கு, அது துறைமுகத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது என்று சில பிள்ளைகள் எம்மிடமே சொல்லியிருக்கிறார்கள். விடிய நான்கு மணி வரை கண்விழித்து, மூன்று மாதச் சம்பளத்துக்குக் கெஞ்சி நிற்பவன் எந்த வகையில் தோட்டத் தொழிலாளியைவிட மேலானவன் என்று நாமும் திருப்பிக் கேட்டிருக்கிறோம். தோட்டத் தொழிலாளிக்குச் சங்கமாவது இருக்கிறது.

வேலை இழந்தவர்கள் காலத்தைத் தவறவிடலாகாது. தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும். அங்கே 15 பேர் என்ற எல்லை கிடையாது. 'முதலாளி நல்லவர், அடுத்த மாதம் தருவார்' என்று காத்திருந்து ஏழாவது மாதம் வருபவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது எமக்கும் மனவருத்தமான காரியம். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, தொலைபேசிச் செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். கம்பனி கொடுத்த மின்னஞ்சலில் உள்ளவற்றின் நகலைச் சொந்தமாக வைத்திருங்கள். கதவு சாத்தப்படும் நாளில் முதலில் மூடப்படுவது அதுதான்.

அந்த விவசாயியிடம் ஈட்டு உறுதியை அன்று எழுத மறுத்தோம். மறுப்பதற்கு எமக்கு அதிகாரமில்லை. அவர் வேறொரு பிரசித்த நொத்தாரிசிடம் போயிருக்கலாம். ஒரு மாதம் பொறுக்கும்படி கேட்டோம். கம்பனியிடம் எழுத்தில் கேட்கும்படி மகனுக்கு மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். சேமலாப நிதியில் முதல் நாளிலேயே பதிவார்களா? பிடித்துவைக்கும் பாதிச் சம்பளம் கம்பனியின் கணக்கில் கடனாக எழுதப்படுமா, விலகினாலும் கிடைக்குமா? கம்பனி விற்கப்பட்டால் பணம் போட்டவர்கள் எவ்வளவு எடுத்த பின் ஊழியரின் முறை வரும்?

முதற் கேள்விக்கு ஆம் என்று மறுமொழி வந்திருக்கிறது. அங்கத்துவ இலக்கமும் தருவார்களாம். இரண்டாவதற்குக் கம்பனி தன் சட்டத்தரணியைக் கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறது. மூன்றாவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காலபோக விதைப்புக்கு முன் முடிவு தெரியவேண்டும் என்று தகப்பனார் மகனிடம் சொல்லியிருக்கிறார். காணி உறுதி இன்னும் அவர் வீட்டுப் பெட்டகத்திற்றான் இருக்கிறது.